சோறு வேகாமல் போனால் போகட்டும்: பிள்ளைகளை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போவது எப்படி

பிள்ளைகளுக்குப் பொறுப்பு வர வேண்டும், நேர்மை வர வேண்டும், நாலு பேரோடு ஒத்துப்போகத் தெரிய வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம். சொல்லிவிட்டு என்ன செய்கிறோம் என்றால், ஒருவரைக் கூட்டிவந்து கையில் மைக்கைக் கொடுத்து ஒரு மணி நேரம் பேசவைத்து, சால்வை போர்த்தி அனுப்பிவிடுகிறோம். நான் பிளஸ் ஒன் படித்தபோது போன ஏழு நாள் முகாமிலும் காலையும் மாலையும் பேச்சுதான். அதில் ஒரு வரிகூட இன்று நினைவில் இல்லை. மூன்றாம் நாள் சமையல்காரர் வராமல் போய், எங்களில் ஐந்து பேரைக் கூப்பிட்டு நாற்பது பேருக்கு ரசம் வைக்கச் சொன்னார்களே, அது மட்டும் புளி கரைத்த கையின் வாசனையோடு நினைவில் இருக்கிறது.

அதனால்தான் சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகளை, 14 வயதிலிருந்து 18 வரை இருப்பவர்களை, வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஏற்காட்டுக்குக் கூட்டிப்போகிறேன். சுற்றுலா இல்லை. இரண்டு நாள், ஒரு இரவு, முழுக்க அவர்கள் பொறுப்பில். இதை நீங்களும் செய்யலாம், ஆசிரியராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எங்களுக்கு எது சரிப்பட்டது, எது சரிப்படவில்லை என்று இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்து கற்பது என்பது ஒன்றும் புதிதில்லை. 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தி முன்வைத்த நயீ தாலீம் என்ற கல்வித் திட்டம், கைத்தொழிலை நடுவில் வைத்துத்தான் பள்ளிக்கூடத்தையே யோசித்தது. 1941இல் ஜெர்மன் கல்வியாளர் குர்ட் ஹான், கப்பல் கம்பெனி நடத்திய லாரன்ஸ் ஹோல்ட்டின் துணையோடு வேல்ஸில் அவுட்வர்டு பவுண்டு என்ற பள்ளியைத் தொடங்கியபோது, போர்க்காலக் கடலுக்குப் போகும் இளைஞர்களுக்குப் படகு ஓட்டுவதோடு, கஷ்டம் வந்தால் தாக்குப்பிடிக்கும் மனதையும் பழக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பிறகு 1984இல் அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் கோல்ப் இதை நாலு படியாக எழுதிவைத்தார்: ஒன்றைச் செய், செய்ததைத் திரும்பிப் பார், அதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள், புரிந்ததை அடுத்த தடவை செய்துபார். நாம் பெரும்பாலும் முதல் படியோடு நின்றுவிடுகிறோம். பஸ் பிடித்துப் போய், படகு விட்டு, போட்டோ எடுத்து, மிளகு பாக்கெட் வாங்கிக்கொண்டு இறங்கி வந்து அதற்கு அனுபவம் என்று பெயர் வைத்துவிடுகிறோம். மற்ற மூன்று படிக்குத்தான் உழைக்க வேண்டியிருக்கிறது.

ஆட்கள், அனுமதி, மாதம்

பத்திலிருந்து பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால், வேலை செய்யாமல் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். பெரியவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய் எங்கே தங்குகிறோம், யார் யார் வருகிறார்கள், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மாத்திரை எடுத்துக்கொள்கிற பிள்ளைகள், வீசிங் உள்ள பிள்ளைகள் யார் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பெண்பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். "ராத்திரி தங்கலா? வேண்டாங்க" என்பார்கள், அதோடு விட்டுவிடாதீர்கள். நாங்கள் முதல் தடவை இரண்டு அம்மாக்களையே உடன் அழைத்துப்போனோம். அவர்கள் திரும்பி வந்து மற்ற வீடுகளில் பேசினார்கள், அடுத்த வருஷம் நான் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

மே மாதம் வேண்டாம். கோடை விழாக் கூட்டத்தில் மலையில் நிற்கவே இடம் இருக்காது. அக்டோபர், நவம்பர் மழையில் மலைப்பாதையில் மண் சரியும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. குளிர் இருக்கும், ஸ்வெட்டர் எடுக்க மறந்தவன் மறந்ததன் பலனை அன்றிரவே அனுபவிப்பான். (அவனுக்குத் தெரியாமல் இரண்டு போர்வை கூடுதலாக எடுத்து வையுங்கள்.) காபிப் பழம் பறிக்கிற காலமும் அதுதான்.

மலை ஏறும் முன் மூன்று ஞாயிறு

நேராக மலைக்குப் போய்விடாதீர்கள். ஒருவரையொருவர் தெரியாத பன்னிரண்டு பேரைக் குளிரில் கொண்டுபோய் விட்டால் சண்டைதான் வரும்.

முதல் ஞாயிறு, கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குக் காலை ஆறு மணிக்கு வரச் சொல்லுங்கள். நாறிக் கிடந்த ஏரியை ஊர்க்காரர்களே சேர்ந்து சீர்செய்து, தூர்வாரிய மண்ணை உள்ளேயே திட்டுத்திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள், இன்று அந்தத் திட்டுகளில்தான் பறவைகள் அடைகின்றன. இதை நீங்கள் விளக்க வேண்டாம். கரையில் நடக்கவிட்டு, இந்தத் திட்டு எப்படி வந்திருக்கும் என்று மட்டும் கேளுங்கள், அங்கே நடைப்பயிற்சிக்கு வருகிற பெரியவர்களிடம் அவர்களே போய் விசாரிக்கட்டும். முன்பின் தெரியாத ஒருவரிடம் மரியாதையாகப் பேச்சுக் கொடுக்கத் தெரியாத பிள்ளைகள் இன்று நிறைய இருக்கிறார்கள். அது அவர்கள் தப்பில்லை, அதற்கு நாம் வாய்ப்பே கொடுப்பதில்லை.

இரண்டாவது ஞாயிறு, தெருவில் யார் வீட்டுத் தறியாவது ஓடினால் அங்கே இரண்டு மணி நேரம். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடச் சொல்லுங்கள். ஒரு முடிச்சுக்கு எவ்வளவு நேரமாகிறது, அதற்குள் எத்தனை தடவை எரிச்சல் வருகிறது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் கொலுசுப் பட்டறைக்குக் கூட்டிப்போகலாம்.

மூன்றாவது வாரம் லீ பஜார். ஆனால் மொத்த வியாபாரம் நடக்கிற இடத்தில் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பிரயோஜனமில்லை, கடை திறந்திருக்கும் நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாம் அவர்களே கணக்குப் போட்டு, மூன்று கடையில் விலை கேட்டு வாங்க வேண்டும். நீங்கள் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருங்கள்.

பணத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள்

நாங்கள் ஆளுக்கு 300 ரூபாய் வாங்குவோம். தங்கும் செலவு பெரியவர்களுடையது, மற்றதெல்லாம் இந்த 3,600 ரூபாயில்தான் முடிய வேண்டும். பணம் கொடுக்க முடியாத பிள்ளைக்கு வேறு யாராவது போடுவார்கள், அது மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது. இதில் கறாராக இருங்கள்.

முழுப் பணத்தையும் கணக்குப் பொறுப்பில் இருக்கிற பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும். பொறுப்புகள் நாலு: கணக்கு, சமையல், வழி, மருந்துப் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர், அதில் ஒருவர் தலைமை. இதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. முதல் வருஷம் யாருக்கு எது நன்றாக வருமோ அதைக் கொடுத்தேன். எல்லாம் சுத்தமாக நடந்தது, யாரும் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. இப்போது தலைகீழ். கணக்கில் தடுமாறுகிறவளிடம் கணக்கு. எப்போதும் முன்னால் ஓடுகிறவனிடம் மருந்துப் பெட்டி, ஏனென்றால் பெட்டி வைத்திருப்பவர் வரிசையில் கடைசியாகத்தான் நடக்க வேண்டும்.

சோறு

போன தடவைக்கு முந்தின தடவை சமையல் தலைமை ஒரு பத்தாம் வகுப்புப் பையன். வீட்டில் அம்மா தறியில் இருக்கும்போது அவன்தான் உலை வைப்பான், அதனால் தெரியும் என்ற நம்பிக்கை. தங்கிய வீட்டின் பின்கட்டில் அடுப்பு, பெரிய பாத்திரம், குக்கர் கிடையாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, அரிசியைப் போட்டான், வீட்டில் பார்க்கிற நேரக் கணக்குப்படியே பார்த்துக் கஞ்சியையும் வடித்துவிட்டான். எனக்குத் தெரியும் வெந்திருக்காது என்று. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "அண்ணா, சரியா இருக்கா பாருங்க" என்றான். "நீதானப்பா சமையல்" என்று சொல்லிவிட்டு நான் வெளியே போய்விட்டேன்.

தட்டில் போட்ட பிறகுதான் தெரிந்தது. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினால் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி, பல்லில் நறுக்கென்கிறது. பன்னிரண்டு பேருக்கும் பசி. ஒருவன் "பரவால்லடா" என்றான், இன்னொருவன் கிண்டல் செய்தான், சமைத்தவன் முகம் செத்துவிட்டது, தட்டை வைத்துவிட்டு எழுந்துபோய் இருட்டில் நின்றுகொண்டான். உடன் வந்த ஆசிரியை என்னை முறைத்தார், போய்ப் பேசுங்கள் என்கிற பார்வை. நான் உட்கார்ந்திருந்தேன். அது லேசான காரியமில்லை, அடிவயிற்றைப் பிசைந்தது. இரண்டு நிமிஷம் இருக்கும், மருந்துப் பெட்டி வைத்திருந்த பெண் எழுந்தாள், எல்லார் தட்டிலிருந்த சோற்றையும் பாத்திரத்தில் கொட்டினாள், வடித்து வைத்திருந்த கஞ்சியை அதிலேயே ஊற்றினாள், "டேய், வந்து அடுப்பைப் பத்த வை" என்று இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். அவன் வந்தான். சாப்பிடும்போது மணி ஒன்பதே கால், குழைந்த சோறும் ரசமும்.

ஏன் வேகவில்லை என்பதை மறுநாள் காலையில் ஒரு பெண் கண்டுபிடித்துச் சொன்னாள். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறையும், அதனால் அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். குமிழி அதே மாதிரிதான் வரும், சூடு மட்டும் குறைவு. பாடத்தில் எல்லாரும் படித்ததுதான். ஆனால் அந்தப் பையனுக்குப் பட்டது இயற்பியல் மட்டும் இல்லை. முந்தின நாள் இரவு பேசும்போதே அவன் சொல்லியிருந்தான்: "எனக்குத் தெரியும்னு நெனச்சதால நான் நசுக்கிக்கூடப் பாக்கல." அந்த ஒரு வரியை எந்தப் பேச்சாளராலும் அவன் வாயிலிருந்து வரவழைத்திருக்க முடியாது. நான் குறுக்கே புகுந்து இன்னும் பத்து நிமிஷம் வேகட்டும் என்று சொல்லியிருந்தால் நல்ல சோறு கிடைத்திருக்கும், இந்த வரி கிடைத்திருக்காது.

காபித் தோட்டம்

ஏற்காட்டுக்குக் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து பயிரிட்டார். இன்று மலையைச் சுற்றிலும் எஸ்டேட்டுகள், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, கீழே நிழலில் காபிச் செடி. தெரிந்தவர் யாராவது இருந்தால் முன்கூட்டியே அனுமதி கேட்டு, ஒரு காலை நேரம் பழம் பறிக்கிறவர்களோடு பிள்ளைகளை விடுங்கள். கண்டிப்பாக 14 வயது நிறைந்தவர்கள் மட்டும், மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எங்கள் பிள்ளைகள் பறிப்பது அவரவர் யாரோடு நிற்கிறார்களோ அந்த அக்காவின் எடைக் கணக்கில் சேர்ந்துவிடும். இது முக்கியம். வேலை நிஜமாக இருக்க வேண்டும், கெட்டுப்போனால் நிஜமாகவே யாருக்காவது நஷ்டம் வர வேண்டும். விளையாட்டுக்குச் செய்கிற வேலையில் குணம் வளராது.

சிவந்த பழத்தை மட்டும் திருகி எடுக்க வேண்டும், பச்சையை விட்டுவிட வேண்டும். பச்சை கலந்தால் காபி துவர்க்கும், தோல் நீக்கும் மிஷினிலும் சரியாக உரியாது. எறும்பு கடிக்கும், சரிவில் கால் வழுக்கும், ஒரு மணி நேரத்தில் அலுத்துவிடும். அலுத்துப்போன ஒரு பையன் கிளையோடு உருவ ஆரம்பித்தான். பச்சையெல்லாம் அடியில், மேலே ஒரு கை சிவப்பு. கூடை சீக்கிரம் நிறைந்துவிட்டது, எல்லாரிடமும் காட்டினான்.

அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தரையில் ஒரு சாக்கை விரித்தார், கூடையைக் கவிழ்த்தார், குத்தவைத்து உட்கார்ந்து பச்சையைத் தனியாகத் தள்ள ஆரம்பித்தார். "இத மேஸ்திரி எடுத்துக்க மாட்டாரு கண்ணு" என்று மட்டும் சொன்னார், குரலில் கோபம் இல்லை. அவன் கொஞ்ச நேரம் நின்றான். அவர் கை வேகமாகப் போய்க்கொண்டிருந்தது, அந்த நேரத்தில் அவர் பறித்திருக்க வேண்டிய பழம் செடியில்தான் இருந்தது. அதைப் பார்த்தானோ என்னவோ, அவனும் உட்கார்ந்தான். முக்கால் மணி நேரம் பிரித்தார்கள். பிறகு மதியம் சாப்பிடக் கூப்பிட்டபோது இன்னும் ஒரு கூடை பறித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றான், சரி என்று விட்டுவிட்டோம். நான் அவனிடம் நேர்மை என்ற வார்த்தையை அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

மலையில் இருக்கிற பழங்குடி மக்களின் ஊர்களுக்கும் போகலாம், ஆனால் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். அங்கே யாரையாவது தெரிந்து, அவர்கள் கூப்பிட்டால் மட்டும் போங்கள், கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம்.

இரவுப் பேச்சு

இதற்கு இரவு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் இதை மட்டும் விடக்கூடாது, கோல்ப் சொன்ன இரண்டாம் படியும் மூன்றாம் படியும் இங்கேதான் இருக்கிறது.

முதலில் அரை மணி நேரம் தனித்தனியாக உட்காரவையுங்கள். கூப்பிடு தூரத்தில், ஆளுக்கொரு இடம், போன் இல்லாமல், ஒரு நோட்டும் பேனாவும். எழுதினாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி. பிறகு வட்டமாக உட்கார்ந்து மூன்றே கேள்வி. இன்று என்ன நடந்தது? அப்போது உனக்குள்ளே என்ன ஓடியது? நாளைக்கு எதை மாற்றிச் செய்வாய்? முதல் கேள்விக்கு நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும், யார் மேல் தப்பு என்று போகக்கூடாது. பேச விருப்பமில்லாதவர்கள் "அடுத்தவங்க" என்று சொல்லிவிட்டுப் போகலாம், வற்புறுத்தாதீர்கள்.

பெரியவர்களுக்கு ஒரே விதி, முதல் பத்து நிமிஷம் வாயைத் திறக்கக்கூடாது. அமைதி நீளும், கஷ்டமாக இருக்கும், அதை நிரப்ப ஒரு நல்ல கருத்து உங்கள் வாயில் தயாராக இருக்கும். விழுங்கிவிடுங்கள். நாம் ஒரு நீதியைச் சொன்ன உடனே பிள்ளைகள் யோசிப்பதை நிறுத்திவிட்டு நாம் எதிர்பார்க்கிற பதிலைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், அதில் அவர்களுக்குப் பன்னிரண்டு வருஷப் பள்ளிக்கூடப் பயிற்சி இருக்கிறது.

எப்போது குறுக்கிட வேண்டும்

உடம்புக்கு ஆபத்து என்றால் மட்டும், ஆனால் அப்போது ஒரு நொடிகூட யோசிக்காமல். கிளியூர் அருவியில் தண்ணீருக்குள் யாரும் இறங்கக்கூடாது, பாறை வழுக்கும். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, அதில் கூட்டமாக நடக்கக்கூடாது, பஸ்ஸில்தான் போக வேண்டும். காட்டுமாடு நிற்பதைப் பார்த்தால் அப்படியே பின்வாங்கிவிட வேண்டும், செல்பி கிடையாது. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நடக்க வேண்டாம், வெளியில் எங்கும் தீ மூட்ட வேண்டாம். ஒருவரை ஒருவர் சாதி சொல்லியோ, உடம்பைச் சொல்லியோ, வீட்டு வறுமையைச் சொல்லியோ பேசினால் அங்கேயே நிறுத்துங்கள், இரவு வரை காத்திருக்காதீர்கள்.

வழி தவறிப் போகட்டும், ஒரு கிலோமீட்டர் சுற்றி வருவார்கள். குரங்கு பிரெட் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போகட்டும், காலை உணவை அவர்களே யோசிப்பார்கள். பஸ்ஸை விட்டுவிட்டால் அடுத்த பஸ் வரும்.

திரும்பி வந்த பிறகு

பத்து நாளுக்குள் எல்லாரும் ஒரு தடவை ஒன்றுசேர வேண்டும், இல்லையென்றால் எல்லாம் போட்டோவோடு போய்விடும். அன்று கணக்கு ஒப்படைப்பு. வீட்டில் ஒரு வேலையை முழுசாக யார் எதை எடுத்துக்கொள்ளப்போகிறார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். உதவி செய்கிறேன் என்பது வேலை இல்லை, எடுத்துக்கொண்ட வேலை தவறினால் கேள்வி தன்னிடம்தான் வர வேண்டும். பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ஊரிலிருந்து வந்த பிள்ளையிடம் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்காதீர்கள், எதையாவது நம்பிக் கொடுங்கள்.

போன டிசம்பரில் கணக்குத் தலைமை ஒன்பதாம் வகுப்புப் பெண். மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் 47 ரூபாய் உதைத்தது. அடிவாரம் தாண்டி, கோரிமேடு தாண்டி, அஸ்தம்பட்டி வரும்வரை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தாள். யாரோ வாழைப்பழம் வாங்கிய சில்லறை, கழிப்பறைக்குக் கொடுத்தது, இப்படி 41 ரூபாய் தேறியது. மீதி ஆறு ரூபாயைக் காணவில்லை என்று அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நான் போட்டுச் சரிகட்டுகிறேன் என்று ஒருவன் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். அந்த நோட்டைப் பார்த்த அவள் அம்மா, வீட்டு மாதாந்திர மளிகைப் பணத்தை அவளிடம் கொடுத்துவிட்டார்.

இந்த டிசம்பரில் கணக்கு வேறொரு பையனிடம் போகிறது. அவள் சமையலுக்கு மாறுகிறாள், இன்னும் அவளுக்கு அரிசி களையக்கூடச் சரியாக வராது.